நான்கு காலில் ஓடி இரண்டு காலில் எழும் கற்பனை விலங்கு: அதன் உடல் எப்படி இருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதும் கற்பனைக் கதையில் ஓநாய் சாயலில் ஒரு வேட்டை இனம் வருகிறது. இரையைத் துரத்தும்போது நான்கு காலில் பாய்கிறது. நெருங்கியதும் எழுந்து நின்று ஈட்டியைப் பிடிக்கிறது. இப்படி ஓர் உடல் சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த வரியிலேயே, எப்படி வரைந்தாலும் அது நாய்த்தோல் போர்த்திய மனிதனாகவோ பின்னங்காலில் நிற்கப் பழக்கப்பட்ட நாயாகவோதான் வந்து நிற்கிறது என்று புலம்பியிருக்கிறீர்கள். என் பார்வையில் உண்மையான கேள்வி இந்த இரண்டாவதுதான். இரண்டு நடைக்கும் பொருந்தும் ஓர் உடலை எங்கிருந்து தொடங்கி வடிவமைப்பது என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டியது. நான் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் உடற்கூறியல் கற்பித்தவன். எனக்குத் தெரிந்தது எலும்பும் தசையும். உங்கள் விலங்கு மந்திரத்தால் உருமாறுகிறது என்றால் கீழே நான் எழுதியிருப்பது எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது.

சாத்தியமா என்பதற்கான விடை எளிது. சாத்தியம்தான்; இயற்கையில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. உடலெங்கும் செதில் மூடிய அலங்குகளில், ஆப்பிரிக்காவில் தரையில் வாழும் ஒரு வகை பெரும்பாலும் பின்னங்கால்களிலேயே நடக்கிறது. முன்னங்கால்கள் அவ்வப்போதுதான் தரையைத் தொடும். ஆஸ்திரேலியாவில் கழுத்துச் சவ்வைக் குடைபோல் விரிக்கும் ஓணான் நான்கு காலில் நடந்து இரண்டு காலில் ஓடுகிறது. சிம்பன்சி, கரடி, கிப்பன் என்று பட்டியல் நீளும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: இரண்டு நடையிலும் சமமாகத் தேர்ந்த விலங்கு எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த நடை இருக்கிறது; மற்றது தேவைக்குக் கடன் வாங்கிய நடை. கற்பனை விலங்குகளில் பெரும்பாலானவை பொய்யாகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். வரைபவர் இரண்டையும் சொந்த நடையாகக் கொடுத்துவிடுகிறார். நான்கு காலில் ஓநாய், இரண்டு காலில் போர்வீரன் என்று இரண்டு உடல்களை ஒரே தோலுக்குள் திணித்தால் எந்த நிலையில் பார்த்தாலும் மற்ற உடல் உறுத்தத்தான் செய்யும்.

அடுத்து எடை. கால்களின் எண்ணிக்கையைவிட உடலின் எடை மையம் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. நாய் சும்மா நிற்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. தலை, கழுத்து, ஆழமான மார்பு எல்லாம் முன்பக்கம் குவிந்திருப்பதே காரணம். அந்த உடல் எழ வேண்டுமென்றால் முன்பக்கக் கனம் முழுவதையும் தூக்கிப் பின் பாதங்களுக்கு நேர்மேலே கொண்டுவர வேண்டும். எழுந்து நிற்கும் ஒரு நாயைப் பக்கவாட்டில் கவனியுங்கள். முழங்கால் நிமிர்வதில்லை, தொடை முன்னோக்கி மடங்கியே இருக்கிறது. சிறிது நேரத்தில் தொடைத் தசைகள் நடுங்கும், பாதங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தசை ஓயாமல் இழுத்துப் பிடித்திருப்பதால் மட்டுமே அது நிற்கிறது. நாம் நிற்கும்போது எடைக்கோடு இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னாலும் முழங்காலுக்குச் சற்று முன்னாலும் இறங்குகிறது. மூட்டுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தாங்குகின்றன, தசைகள் ஏறக்குறைய ஓய்வில் இருக்கின்றன. நிற்பது நமக்கு ஓய்வு, நாய்க்கு உழைப்பு.

குரங்கினத்தில் கதை வேறு. பெரும்பாலான குரங்குகள் நான்கு காலில் நடக்கும்போதே பின்னங்கால்களில்தான் அதிக எடையைப் போடுகின்றன. அதனால் எழுவது அவற்றுக்குச் சிறிய மாற்றம்தான். கரடிக்கு வேறொரு வசதி. அது நம்மைப் போலக் குதிகாலை ஊன்றி நடக்கும் விலங்கு. நாயும் ஓநாயும் விரல்களை மட்டும் ஊன்றி நடப்பவை. அவற்றின் பின்னங்காலில் ‘பின்னோக்கி வளைந்த முழங்கால்’ என்று பலர் நினைத்து வரைவது உண்மையில் தூக்கிப் பிடித்த குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டியே இருக்கிறது. குதிகாலைத் தூக்கிய நிலையில் நிற்கும் உயிருக்கு ஊன்றும் தளம் சிறியது, அசைந்தால் கவிழும். 2014 முதல் 2016 வரை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முன்னங்கால்கள் பழுதான ஒரு கருங்கரடி குடியிருப்புப் பகுதிகளில் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்து திரிந்தது. ‘பெடல்ஸ்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் காணொளிகளைப் பார்த்தவர்கள் பலர், கரடித் தோல் அணிந்த மனிதன் என்றே முதலில் சந்தேகப்பட்டார்கள். குதிகால் ஊன்றிய பாதம் கொடுக்கும் தோற்றம் அது. ஆகவே என் முதல் யோசனை: தோலுக்கு மேலே ஓநாயாக வைத்துக்கொள்ளுங்கள், தோலுக்குள்ளே கரடியை வையுங்கள். வேகம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது.

எடையைப் பின்னுக்குக் கொண்டுவர இன்னொரு வழி வால். அலங்கு நடப்பதும் வாலை எதிர்ப்பாரமாக நீட்டித்தான். அதன் உடல் நிமிர்வதில்லை, இடுப்பை அச்சாகக் கொண்டு தராசுக் கோல்போல் கிடையாகவே இருக்கிறது. கங்காரு இன்னும் விசித்திரம். மெதுவாக மேயும்போது அது வாலைத் தரையில் ஊன்றி ஐந்தாவது காலாக்கிக்கொள்கிறது. அந்த நடையில் உடலை முன்னே தள்ளுவதில் மற்ற நான்கு கால்களும் சேர்ந்து செய்யும் அளவு வேலையை வால் மட்டுமே செய்கிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. வால் வைக்க முடிவு செய்தால் இதை நினைவில் வையுங்கள்: மெல்லிய, மயிரடர்ந்த ஓநாய் வாலால் எந்தப் பயனும் இல்லை. பாரம் தூக்கும் வால் அடியில் தொடையளவு பருமனாக இருக்க வேண்டும். கோயில் தூண்களில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் யாளியை நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தீர்கள். அழகான உருவம்தான், ஆனால் அது எழும்புகிறதே தவிர நடக்கவில்லை. அதோடு அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தூண் இருக்கிறது.

வால் பற்றிப் பேசும்போது இகுவானடான் என்ற டைனோசரை விட்டுவிட முடியாது. மனிதக் கற்பனையிலேயே இரண்டு நடைக்கும் இடையில் மாறி மாறி அலைந்த விலங்கு அது. 1825இல் கிடியன் மான்டெல் சில பற்களை வைத்து அதற்குப் பெயர் சூட்டினார். 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் அதன் முழுவுருவச் சிலைகள் எழுந்தன. காண்டாமிருகம் போல நான்கு தடித்த கால்கள், மூக்கின் மேல் ஒரு கொம்பு. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தபோது, கொம்பு என்று நினைத்தது கட்டைவிரல் முள் என்று தெரிந்தது. முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிடக் குட்டை. அவற்றை ஆராய்ந்த லூயி டோலோ, கங்காருவைப் போல நிமிர்ந்து வாலில் சாய்ந்து நிற்கும் விலங்காக எலும்புகளைப் பொருத்தினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் உலகம் அந்த உருவத்தையே நம்பியது. 1980இல் டேவிட் நார்மன் அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: அந்த வாலை எலும்பாக இறுகிய நாண்கள் விறைப்பாகக் கட்டியிருக்கின்றன; கங்காரு நிலையில் நிறுத்த வேண்டுமென்றால் வாலை ஒடித்தாக வேண்டும். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதைக் கிடையான முதுகும் நீட்டிய வாலும் கொண்ட விலங்காக, இரண்டு விதமாகவும் நடக்கக்கூடியதாகக் கருதுகிறார்கள். உங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நிமிர்ந்த முதுகு இல்லாமலே இரண்டு காலில் நடக்கலாம். ‘இரண்டு கால்’ என்றதும் மனித நிமிர்வை மனத்தில் கொண்டுவருவது நம் பழக்கம், இயற்கையின் விதி அல்ல.

இகுவானடானின் கையும் பார்க்க வேண்டிய ஒன்று, ஏனென்றால் உங்கள் ஈட்டிச் சிக்கலுக்கு அங்கே ஒரு விடை இருக்கிறது. நடுவிலுள்ள மூன்று விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து எடை தாங்கின. அவற்றின் நுனியில் குளம்பு போன்ற நகங்கள். கட்டைவிரல் முள்ளாக நின்றது. சுண்டுவிரல் மட்டும் நீண்டு, மடங்கிப் பொருளைப் பற்றக்கூடியதாக இருந்தது. ஒரே கையில் காலும் இருந்தது, ஆயுதமும் இருந்தது, பிடியும் இருந்தது. தரையை மிதிக்கும் உறுப்பே பொருளையும் பிடிக்க வேண்டும் என்றால் இப்படிப் பங்கு பிரித்தாக வேண்டும். இல்லையென்றால் கொரில்லாவின் வழி: விரல்களை மடக்கி, நடுக்கணுக்களின் முதுகுப்புறத்தை ஊன்றி நடப்பது. உள்ளங்கை தரையில் படாததால் அதன் தொடுவுணர்வு கெடுவதில்லை; தேய்மானம் எல்லாம் கணுக்களின் மேலுள்ள தடித்த தோலோடு போய்விடும். தென் அமெரிக்காவின் பெரிய எறும்புத்தின்னியும் தன் நீண்ட நகங்களைக் காக்க இப்படித்தான் மடக்கி நடக்கிறது. நீங்கள் வரைந்திருப்பது போல நீண்ட மெல்லிய விரல்களை விரித்து, உள்ளங்கையை அப்படியே தரையில் அறைந்து முழு வேகத்தில் ஓடினால், அந்த விரல்கள் அதிக நாள் தாங்காது.

இன்னொரு தடை முன்கை. நாயின் முன்கையிலுள்ள இரண்டு எலும்புகளும் உள்ளங்கை கீழ்நோக்கிய நிலையிலேயே ஏறத்தாழ இறுகிவிட்டவை. நாம் கதவுப்பிடியைத் திருகுவது போல அதனால் திருக முடியாது. ஈட்டி பிடிக்க அந்தத் திருகல் கட்டாயம் வேண்டும். பூனைக்கும் கரடிக்கும் ஓரளவு உண்டு, குரங்குக்கு நன்றாகவே உண்டு. தோளிலும் சிக்கல் இருக்கிறது. நாய்க்கு வேலை செய்யும் காறை எலும்பு கிடையாது; தோள்பட்டை எலும்பு விலாவின் பக்கவாட்டில் தசைகளில் மிதந்து முன்னும் பின்னும் ஊசலாடும். ஓட்டத்தில் அதன் எட்டு நீளமாக இருப்பதற்கு இது பெரிய காரணம். நமக்குத் தோள்பட்டை முதுகுப்பக்கம் இருக்கிறது, காறை எலும்பு கையைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்துகிறது. அகன்ற தோளோடு வரைந்த விலங்கை நான்கு காலில் இறக்கினால், தவழும் மனிதனைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஓநாய் மனிதன் ஓவியங்களில் நான் முதலில் பார்ப்பது தோளைத்தான். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கை கால் நீள விகிதத்தையும் அளந்து கொள்ளுங்கள். மேற்கை, முன்கை எலும்புகளின் நீளத்தைத் தொடை, கீழ்க்கால் எலும்புகளின் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண் மனிதனுக்கு ஏறக்குறைய 70, சிம்பன்சிக்கு 106, கொரில்லாவுக்கு 116 அளவில். நாம் குனிந்து கையூன்றினால் பிட்டம் வானைப் பார்ப்பதும் முகம் தரையைப் பார்ப்பதும் இதனால்தான். ஜப்பானைச் சேர்ந்த கெனிச்சி இடோ குரங்குகளின் ஓட்டத்தைப் பார்த்துப் பயின்று, 2015இல் நூறு மீட்டரை நான்கு காலில் 15.71 விநாடியில் ஓடினார். வியக்கத்தக்கதுதான். ஆனால் இரண்டு காலில் 2009இல் உசைன் போல்ட் எடுத்துக்கொண்டது 9.58 விநாடி. மனித விகிதம் கொண்ட உடல் வேகத்துக்காக நான்கு காலில் இறங்குவதாகக் காட்டினால் நம்ப முடியாது. அது வேகத்தை இழக்கத்தான் செய்யும். மாறாக, இரண்டு கால் என்றாலே மெதுவென்றும் சொல்லிவிட முடியாது. நெருப்புக்கோழி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. உங்கள் விலங்குக்கு 90க்கும் 100க்கும் இடைப்பட்ட விகிதத்தை வைத்துப் பாருங்கள். இது அளந்து கண்ட உண்மை இல்லை, என் கண்ணின் தீர்ப்பு.

தலையைப் பற்றிச் சுருக்கமாக: நான்கு கால் விலங்கின் மண்டையோட்டில் தண்டுவடம் நுழையும் துளை பின்பக்கம் இருக்கும், நமக்கு அடியில் இருக்கிறது. கழுத்தை மாற்றாமல் ஓநாயை நிமிர்த்தினால் அது வானத்தைத்தான் பார்க்கும். கழுத்தை நீளமாகவும் வளைந்து கொடுப்பதாகவும் வையுங்கள், போதும். மூச்சுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அது கதைக்கே உதவும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்குகள் பொதுவாக ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுண்டிருக்கின்றன. மார்புக்கூடு ஒவ்வொரு முறையும் அழுந்தி விரிவதே காரணம். மனிதனுக்கு அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது; ஓடிக்கொண்டே நாலு வார்த்தை பேசிவிடுகிறோம். ஆகவே உங்கள் வேட்டைக்கூட்டம் பாய்ச்சலின் நடுவே கட்டளைகளைக் கூவிக்கொள்வது பொருந்தாது. பேச வேண்டுமென்றால் வேகம் குறைய வேண்டும், எழ வேண்டும். காட்சிக்கு நல்ல இறுக்கம் கிடைக்கும்.

இனி, மாறும் அந்தக் கணம். நான் பார்த்த அசைவோவியங்களில் பெரும்பாலானவை தவறுவது இங்கேதான். பாய்ந்து வரும் விலங்கு சட்டென்று நின்று, அதே வீச்சில் எழுந்து கர்ஜிக்கும். இயற்பியல் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. மோட்டார் சைக்கிளில் திடீரென்று வேகம் கூட்டினால் முன்சக்கரம் எழும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழும். ஓணான்கள் இரண்டு காலுக்கு மாறுவதும் பெரும்பாலும் இப்படித்தான்: எடை மையம் இடுப்புக்கு அருகே இருப்பதால் வேகம் எடுக்கும்போது முன்னுடல் தானாக எழுகிறது, வேகம் தணிந்ததும் இறங்குகிறது. நின்ற வேகத்தில் எழுவது முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். முதுகு வில்லாக வளைந்து, பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வெகுதூரம் முன்னே வந்து ஊன்றினால் முடியும். ஆனால் அந்த ஊன்றல் படத்தில் தெரிய வேண்டும், எழுத்தில் ஒரு வரியாவது வர வேண்டும். கரடியும் குரங்கும் பெரும்பாலும் நின்ற பிறகே நிதானமாக எழுகின்றன. எழுந்து நடக்கும் சிம்பன்சி ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் ஆடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் இடுப்பைச் சமமாகப் பிடிக்கும் தசைகள் நம் உடலில் அமைந்திருப்பது போல அதற்கு அமையவில்லை. முழங்காலும் மடங்கியே இருக்கும். அந்த ஆட்டத்தை உங்கள் விலங்குக்குக் கொடுங்கள். ‘இது கடன் வாங்கிய நடை’ என்பதை வாசகன் விளக்கமில்லாமலே உணர்ந்துகொள்வான்.

ஏன் எழுகிறது என்ற காரணமும் வலுவாக இருக்க வேண்டும். கினி நாட்டின் போசூவில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது; அரிதாகக் கிடைக்கும், விருப்பமான கொட்டைகளைச் சுமக்கும்போது சிம்பன்சிகள் இரண்டு காலில் நடப்பது கூடியது. போட்டி அதிகம், ஒரே தடவையில் அள்ளிக்கொண்டு போக வேண்டும், கை வேண்டும், எழுகின்றன. சுமப்பது, தொலைவில் பார்ப்பது, எட்டிப் பறிப்பது, மிரட்டுவது ஆகியவை இயற்கையில் நாம் காணும் காரணங்கள். ‘கம்பீரமாகத் தெரிவதற்காக’ என்பது ஓவியரின் காரணம்.

இதுவரை சொன்னவற்றில் உறுதியானவற்றையும் விவாதத்தில் இருப்பவற்றையும் பிரித்துவிடுகிறேன். எலும்பு, மூட்டு, எடைப் பங்கீடு பற்றியவை வாழும் விலங்குகளில் நேரே அளந்தவை; அவற்றை நம்பிக் கட்டலாம். நடக்கும் செலவும் அளந்ததுதான்: 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி மனிதன் இரண்டு காலில் நடக்க ஆகும் ஆற்றல், சிம்பன்சி எந்த நடையில் நடந்தாலும் ஆவதைவிட ஏறக்குறைய 75 விழுக்காடு குறைவு. அழிந்துபோன விலங்குகள் என்றால் பேச்சு தளர்கிறது. 2014இல் ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசர் நான்கு காலில் நடந்தது என்று ஓர் ஆய்வுக் குழு சொன்னது. எடை மையக் கணக்கை வைத்தே மற்றவர்கள் அதை மறுத்தார்கள். நம் மூதாதையர் சிம்பன்சியைப் போலக் கணு ஊன்றி நடந்தவர்களா என்பதிலும் வழக்கு முடியவில்லை. ஒரே பிறவியில் உடல் எவ்வளவு மாறும் என்ற கேள்விக்கு ஒரு பழைய ஆடு சாட்சி. முன்னங்கால்கள் இல்லாமல் பிறந்து பின்னங்கால்களில் குதித்து வாழ்ந்த அந்த ஆட்டை டச்சு விலங்கியலாளர் ஸ்லைபர் அறுத்து ஆராய்ந்து 1942இல் எழுதினார். இடுப்பெலும்பு, மார்புக்கூடு, பிட்டத் தசை எல்லாமே வழக்கமான ஆட்டினுடையவையாக இல்லை. குட்டியிலிருந்தே நிற்கப் பழக்கப்பட்ட ஒரு குலம் உங்கள் கதையில் வந்தால் அவர்களின் உடல் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாம் என்பதற்கு இது ஆதாரம். ஆனால் ஒரே ஓர் ஆடு என்பதையும் மறக்க வேண்டாம். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: மஸ்ஸாரஸ் என்ற டைனோசர் குஞ்சாக இருக்கும்போது நான்கு காலிலும் வளர்ந்தபின் இரண்டு காலிலும் நடந்ததாக 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தலையும் கழுத்தும் கனத்த குஞ்சுக்கு எடை முன்னால். வால் வளர வளர எடை பின்னுக்கு நகர்ந்தது. குட்டிகள் எழத் தெரியாதவை, எழுவதே வயதுக்கு வந்ததன் அடையாளம் என்று ஓர் இனத்தை எழுதிப் பாருங்களேன். கற்பனைக் கதைகளில் இதை நான் அதிகம் கண்டதில்லை.

கடைசியாக ஒரு செய்முறை. உங்கள் விலங்கைப் பக்கவாட்டுத் தோற்றத்தில், எழுந்து நிற்கும் நிலையில், கெட்டியான அட்டையில் வரைந்து வெட்டியெடுங்கள். ஓரத்தில் ஒரு புள்ளியில் ஊசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியிலிருந்து கனம் கட்டிய நூலை இறக்கிக் கோடு போடுங்கள். இன்னொரு புள்ளியிலும் அப்படியே செய்யுங்கள். கோடுகள் வெட்டும் இடம் ஏறக்குறைய எடை மையம். நுரையீரலில் காற்றும் எலும்பில் கனமும் இருப்பதால் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். ஓவியத்துக்கு இது போதும். அந்த மையத்திலிருந்து நேர்கீழே கோடு இழுத்தால் அது பின் பாதத்துக்குள் விழ வேண்டும். முன்னால் விழுந்தால் வாலைப் பருமனாக்குங்கள், அல்லது மார்பைக் குறையுங்கள், அல்லது பாதத்தைக் குதிகால்வரை ஊன்றவிடுங்கள். ஈட்டியை மட்டும் ஓடும்போது வாயில் கவ்வ வைக்காதீர்கள். குறுக்கே நீண்ட கோல் முதல் புதரிலேயே கழுத்தைத் திருகிவிடும். முதுகெலும்புக்கு இணையாக ஒரு வாரில் கட்டிக்கொள்ளட்டும்.